ஆறே முக்கால் மணிக்கு அந்த ஆள் எங்கே நின்றான்?

கஞ்சா வழக்கில் தண்டனை விழுந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "மதுரையில அப்பீல் போட்டா வெளியே வந்திருவானா சார்?" என்பதுதான். அதற்கான விடை தீர்ப்புக்குள் கிடைப்பது அபூர்வம். பிடிபட்ட அன்று சாயங்காலம் ரோட்டோரத்தில் ஜீப் பானெட்டின் மேல் வைத்து எழுதிய நாலைந்து தாள்களில் அது இருக்கிறது. மேல்முறையீட்டுக்குச் சாட்சிகள் வருவதில்லை. கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. தாள்தான் பேசும், தாளில் எழுதிய மணி பேசும்.

குமரி மாவட்டத்து வழக்குக் கட்டுகளில் இந்த வழக்கோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு: பிடிக்கப் போன சப்-இன்ஸ்பெக்டரைத் தள்ளினான், ஏட்டின் கையைக் கடித்தான், திமிறி ஓடினான் என்று. கஞ்சா வழக்கு பெரியது, தள்ளுமுள்ளு வழக்கு சின்னது என்று நினைத்து, சின்னதை ஜூனியரிடம் தள்ளிவிட்டுப் பெரியதை மட்டும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிறைய அப்பீல்கள் கெட்டுப்போவது இங்கேதான். இரண்டு வழக்கும் ஒரே கால் மணி நேரத்தைப் பற்றியவை. ஒன்று சொல்லும் கதையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

ஒரு கட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆனி மாதம். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர், கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு. மகஜர், அதாவது பிடித்த இடத்தில் எழுதும் கைப்பற்றல் பதிவு, சொல்வது இது: 5.30-க்கு ரகசியத் தகவல். 5.45-க்கு ஜீப் புறப்பாடு. 6.30-க்கு வண்டியை மறித்தோம். 6.45-க்கு, உடல் சோதனைக்கு முன் சொல்ல வேண்டிய 50-ஆம் பிரிவு உரிமையை எடுத்துச் சொன்னோம். "நீங்களே சோதனை போடுங்கள்" என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். 7.00-க்குக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் எடை, 22.100 கிலோ. 8.30-க்கு மகஜர் முடிவு, 8.35-க்குக் கைது, 9.30-க்கு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். அடுத்த குற்ற எண்ணில் பதிவான இரண்டாவது வழக்கு சொல்வது: 6.45-க்கு எதிரி சப்-இன்ஸ்பெக்டரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, பக்கத்து ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) ஓடினார். 200 மீட்டர் துரத்தி மடக்கினோம். (குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்கிற சட்டம், கட்டு பாஷையில் ஆளை முதல் பக்கத்திலேயே 'எதிரி' ஆக்கிவிடுகிறது. அதை விடுங்கள்.) ஒரே ஆள் 6.45-க்கு நின்று நிதானமாகக் கையெழுத்தும் போடுகிறான், விளைக்குள் ஓடவும் செய்கிறான்.

இந்த முரண்பாட்டை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு முன்னால், எடையைப் பார்த்துவிடுவோம். என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது இந்த வழக்குகளுக்கான போதைப்பொருள் சட்டம், 1985-ல் வந்தது. ஆளுக்கு எத்தனை வருஷம் என்பதை அளவு தீர்மானிக்கத் தொடங்கியது 2001 திருத்தத்துக்குப் பிறகுதான். கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கஞ்சாப் பிசினான சரஸுக்கு 100 கிராம், 1 கிலோ. இப்போது பையன்கள் சிக்குகிற செயற்கைப் போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். கஞ்சாவில் சிறு அளவென்றால் அதிகபட்சம் 1 வருஷம். இடைப்பட்டதற்கு 10 வருஷம் வரை. வணிக அளவுக்குக் குறைந்தது 10, அதிகம் 20, அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. சட்டத்தில் 'வணிக அளவு' என்பது குறிப்பிட்ட அளவைவிடக் *கூடுதல்* என்றுதான் இருக்கிறது. சரியாக 20 கிலோ என்றால் அது வணிக அளவு ஆகாது. அதேபோல 'சிறு அளவு' குறிப்பிட்ட அளவுக்குக் *குறைவு*. சரியாக 1 கிலோ இருந்தால் சிறு அளவு இல்லை. ஒரு கிராமில் பத்து வருஷம் தொங்குகிற சட்டம் இது.

நம் கற்பனைக் கட்டில் 22.100 கிலோ என்பது சாக்கோடு சேர்த்தா, சாக்கு நீக்கியா? உள்ளே பாலிதீன் உறையும் பழுப்பு நிற டேப்பும் சுற்றிய 11 பொட்டலங்கள் என்றால், டேப்பின் எடை யார் கணக்கில்? கஞ்சா என்றால் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்றுதான் சட்டத்தின் வரையறை. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அது விலக்குகிறது. மகஜரில் "இலை, தண்டு, விதை, பூ கலந்த" என்று எழுதிவிட்டு மொத்தமாகத் தராசில் ஏற்றியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே இருக்கிறது. இதற்கு அரசுத் தரப்பு 2020-ன் ஹீரா சிங் தீர்ப்பை நீட்டும். போதைப்பொருளோடு வேறு பொருள் கலந்திருந்தால் தூய மருந்தின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது, கலவையின் மொத்த எடையையே பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 2008-ன் மைக்கேல் ராஜ் தீர்ப்பை அது தள்ளிவிட்டது. எம்.டி.எம்.ஏ. வழக்கில் அதை மீறிப் பேச இடமே இல்லை. கஞ்சாவில், விலக்கு வரையறைக்குள்ளேயே இருக்கிறது. கலப்படம் வேறு, கஞ்சாவே இல்லாத இலை வேறு என்று பிரித்து வாதாட வேண்டும்.

இனி 50-ஆம் பிரிவு. அப்பீல் மனுவில் முதல் பத்துப் பக்கத்தை இது தின்றுவிடும், பெரும்பாலும் வீணாக. உடலைச் சோதிக்கும் முன் "கெஜட்டெட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுபோகச் சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். 1999-ன் பல்தேவ் சிங், 2010-ன் விஜய்சிங் ஜடேஜா, இரண்டும் அரசியல் சாசன அமர்வுகள். ஏறக்குறையச் சொன்னோம் என்பது போதாது, உரிமை என்றே சொல்ல வேண்டும் என்று ஜடேஜா முடித்துவைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ் கொடுத்தால் செல்லாது என்றது 2014-ன் பர்மானந்த். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரிவு உடலுக்குத்தான். பைக்கும் சாக்குக்கும் வண்டிக்கும் அது பொருந்தாது என்று 2005-ல் பவன் குமார், 2019-ல் பல்ஜிந்தர் சிங், 2023-ல் ரஞ்சன் குமார் சட்டா என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. உடலையும் சேர்த்துச் சோதித்தார்கள், உடல் சோதனை முறைப்படி இல்லை, ஆகவே சாக்கில் எடுத்ததும் போகட்டும் என்ற பழைய வாதமும் இப்போது எடுபடாது. ஸ்கூட்டரில் சாக்கு என்றால் 50-ஐ அரைப் பக்கத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அந்த 50-ஆம் பிரிவுத் தாளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். உரிமை மீறலுக்காக இல்லை, அதில் எழுதிய மணிக்காக.

42-ஆம் பிரிவு கொஞ்சம் நுணுக்கம். முன்கூட்டித் தகவல் வந்தால் எழுதி வைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். அடியோடு செய்யாவிட்டால் வழக்கு நிற்காது. தாமதமாகச் செய்து தகுந்த காரணம் சொன்னால் நிற்கும் என்று 2009-ன் கர்நைல் சிங் அமர்வு வரையறுத்தது. சூரியன் மறைந்து உதிக்கும் வரை வாரண்ட் இல்லாமல் நுழைவதென்றால், ஏன் வாரண்ட் வாங்க நேரமில்லை என்று காரணத்தையும் எழுதியாக வேண்டும். அஸ்தமனம் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராக ஆள் வந்து இறங்கும் மாவட்டத்தில், அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று எந்தச் சாட்சியிடமும் கேட்காமல் விசாரணையை முடித்துவிடுகிறார்கள். ஆனியில் இங்கே ஆறே முக்காலை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. கார்த்திகையில் ஆறு மணிக்கே இறங்கிவிடும். வீட்டிலோ லாட்ஜ் அறையிலோ 6.20-க்குச் சோதனை என்றால் மாதத்தைப் பொறுத்து சட்டமே மாறுகிறது.

ரோடு என்றால் அரசுத் தரப்பு 43-க்குத் தாவும்: பொது இடம், எழுதத் தேவையில்லை. தனியார் வண்டி ரோட்டில் நிறுத்தியிருந்தாலும் அது 'பொது வாகனம்' ஆகிவிடாது, 42 பொருந்தும் என்று 2021-ன் பூட்டா சிங் தீர்ப்பு விடுதலை கொடுத்தது. இதை எடுத்துக்கொண்டு எல்லாக் கட்டுக்கும் போர்த்துகிறார்கள். அந்த வழக்கில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. 43 'போக்குவரத்தில் இருக்கும்போது' கைப்பற்றுவதையும் சொல்கிறது. பொது ரோட்டில் வந்த லாரியை மறித்த ஜர்னைல் சிங் வழக்கில் 2004-ல் 43-தான் பொருந்தும் என்றார்கள். ஓடிவந்த ஸ்கூட்டரை மறித்திருந்தால் 42 வாதம் நொண்டும். ஆகவே வண்டி ஓடியதா நின்றதா என்ற ஒரு வரி மகஜரில் எப்படி எழுதியிருக்கிறது, சாட்சி எப்படிச் சொன்னார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையான சண்டை 52ஏ-வில். கைப்பற்றிய சரக்கைப் பட்டியலிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, புகைப்படத்துக்கும் மாதிரிக்கும் அவர் சான்று தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ரோட்டிலேயே 24 கிராம் வீதம் இரண்டு கவரில் போட்டு அரக்கு வைப்பது மத்திய அரசின் பழைய நிலையாணைப் பழக்கம். 2016-ல் மத்திய அரசு எதிர் மோகன்லால் தீர்ப்பு, சம்பவ இடத்தில் மாதிரி எடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. 2022 டிசம்பரில் வந்த விதிகளும் மாஜிஸ்திரேட் முன்னிலையைத்தான் சொல்கின்றன. அதன் பிறகு 2023-ல் சிம்ரன்ஜித் சிங்குக்கு விடுதலை. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த ஒரு ஹெராயின் தண்டனையை யூசுப் என்ற ஆசிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 52ஏ மாதிரி இல்லை என்ற ஒரே காரணத்தால். இங்கே நிறுத்திவிடுகிற வக்கீல்கள்தான் ஆபத்தானவர்கள். 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே தீர்ப்பு வந்து, 52ஏ தவறியது மட்டுமே வழக்கைக் கொல்லாது, மீதிச் சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கும், தவறியதால் எங்கே சந்தேகம் விழுகிறது என்பதை எதிரித் தரப்பு முதலில் அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதாவது "52ஏ இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்கார முடியாது. மாதிரி மாறியிருக்கலாம், எடை குறைந்திருக்கிறது, சீல் பொருந்தவில்லை என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

விரலை எங்கே வைப்பது? 11 பொட்டலங்களில் எத்தனையிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்று பாருங்கள். 1993-ல் கோவாவிலிருந்து போன கிர்ச்சர் வழக்கில் சரஸ் துண்டுகள் இரண்டு. ஒன்றை மட்டும் ஆய்வுக்கு அனுப்பினார்கள். அனுப்பாத துண்டு சரஸ்தான் என்பதற்குச் சான்றில்லை, அனுப்பிய துண்டின் எடை மட்டுமே கணக்கு என்று தண்டனை பெருமளவு குறைந்தது. ஒரே மாதிரியான கஞ்சாப் பொட்டலங்கள் 40 வரை ஒரு தொகுப்பாகச் சேர்த்து மாதிரி எடுக்க நிலையாணை இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அளவிலும் எடையிலும் சோதனை நிறத்திலும் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், அதை மகஜரில் எழுதியிருக்க வேண்டும். பிறகு, சீல் யார் கையில் இருந்தது? மாதிரி சீல் ஆய்வகத்துக்குப் போனதா? சரக்கு ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்குப் போன தேதியும் ஆய்வகம் வாங்கிய தேதியும் எவ்வளவு தள்ளி? பச்சைக் கஞ்சா காய்ந்து எடை குறையும், அது இயல்பு. ஆனால் ஆய்வகத்தில் எடை *கூடினால்* அதற்கு இயற்கையில் விளக்கம் இல்லை.

இன்னொன்று, தேடினால் கிடைக்கக் கூடியது: மகஜரின் தலைப்பிலும் மாதிரிக் கவரின் சீட்டிலும் குற்ற எண். 8.30-க்கு ரோட்டில் முடிந்த மகஜரில், 9.30-க்கு ஸ்டேஷனில் பிறந்த எஃப்.ஐ.ஆரின் எண் எப்படி வந்தது? பிறகு சேர்த்தோம் என்பார்கள். அப்படியானால் வேறு பேனா, வேறு மை, வேறு இடைவெளி தெரியும். நகலில் தெரியாது, அசல் கட்டை வரவழைத்து நீதிபதி முன் விரிக்கச் சொல்ல வேண்டும். ஒரே மையில், ஒரே ஓட்டத்தில் எழுதியிருந்தால், மகஜர் ரோட்டில் எழுதியதே இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பழைய டைப் கட்டிலிருந்து எடுத்து ஒட்டுவதால் வரும் கேடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்தவரே புலனாய்வும் செய்தால் வழக்கு தானாகவே கெடும் என்ற 2018-ன் மோகன் லால் தீர்ப்பை 2020 ஆகஸ்டில் முகேஷ் சிங் அமர்வு தூக்கிவிட்டது. இன்றும் அப்பீல் மனுக்களில் அது வருகிறது. (இரண்டு மோகன்லால் உண்டு, 2016 உயிரோடு இருக்கிறது, 2018 போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நடிகரோடு மூன்று.) மாறாக, அதே 2020 அக்டோபரில் நம் மாநிலத்திலிருந்தே போன தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் மறந்துவிடுகிறார்கள். 67-ஆம் பிரிவில் அதிகாரி எழுதி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது அது. முதல் எதிரி பெயரைச் சொன்னான் என்பதற்காக மூன்றாம் எதிரியாகச் சேர்த்த நாகர்கோவில் ஆள் மீது, வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? போன் அழைப்புப் பட்டியல் என்றால் அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா? அங்கேதான் தேட வேண்டும்.

இனி அந்தச் சின்ன வழக்கு. 2024 ஜூலை 1-க்கு முந்திய சம்பவத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய எண், பிறகு நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா எண். பணியைத் தடுக்கத் தாக்குவது 353, இப்போது 132, இரண்டு வருஷம். காயம் உண்டாக்கினால் 332, இப்போது 121; மூன்று வருஷமாக இருந்தது ஐந்தாகிவிட்டது. சட்டப்படியான கைதை எதிர்ப்பது 224, இப்போது 262. வெறும் இடையூறு 186, இப்போது 221. கடைசி எண்ணுக்கு மட்டும் ஒரு பூட்டு உண்டு: சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நேரடியாகக் கோர்ட்டில் எழுத்துப் புகார் கொடுக்காமல் மாஜிஸ்திரேட் அதைக் கையில் எடுக்க முடியாது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் 186 இருந்து, அந்தப் புகார் இல்லையென்றால் அந்தத் தண்டனை அப்பீலில் நிற்காது. ஆனால் அதை வைத்து 353-யும் விழுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு குற்றம் என்று 1966-லேயே துர்காசரண் நாயக் வழக்கில் சொல்லியாகிவிட்டது.

353-க்குத் தாக்குதலோ பலப்பிரயோகமோ வேண்டும். வாய்ச்சண்டை, கெட்ட வார்த்தை, வீடியோ எடுப்பது போதாது. ஓடுவதும் போதாது. கைது என்றால் உடலைத் தொடவோ அடைக்கவோ வேண்டும், அல்லது ஆள் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓடியவன் காவலிலிருந்து தப்பியவன் ஆகமாட்டான். நம் கட்டில் கைது நேரம் 8.35. அப்படியானால் 6.45-க்கு அவன் எந்தக் கைதை எதிர்த்தான்? அதற்கு முன்பே பிடித்துவைத்திருந்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கணக்கு 6.45-லிருந்து தொடங்கும். கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா என்ற கேள்வியும் அப்போதிலிருந்தே எழும். பங்கஜ் பன்சல் தொடங்கி 2025 பிப்ரவரியின் விஹான் குமார் வரை உச்ச நீதிமன்றம் இதில் கறாராகிவிட்டது. நம் எல்லையில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்த, மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஆளிடம் தமிழில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

மப்டியில் வந்தவர்கள் என்றால் இன்னொரு வாசல் திறக்கிறது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. அது முறைப்படி சரியாக இல்லாவிட்டாலும் கிடையாது. ஆனால் அவர் அரசு ஊழியர் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது நம்பக் காரணம் இருக்க வேண்டும். பெயர்ப்பட்டை இல்லை, ஜீப் தனியார் வண்டி, இருட்டு, விளையோரம் என்றால் அந்த விதிவிலக்கைப் பேசலாம். காயம் பட்டதாகச் சொல்லும் ஏட்டின் ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) நகலை அவசியம் வாங்குங்கள்: எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில் பதிவானது, "தெரிந்த ஒருவர் தாக்கினார்" என்றா, "தெரியாத நபர்" என்றா, கையாலா கட்டையாலா. ரிமாண்டுக்கு முன் எதிரியைப் பரிசோதித்த டாக்டரின் குறிப்பையும் சேர்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷன் குளியலறைகள் எவ்வளவு வழுக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். கஞ்சா வழக்கில் தரப்பு என்ன? "நான் அங்கே இல்லவே இல்லை, முந்தின நாள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள்." தடுத்த வழக்கில் தரப்பு என்ன? "மப்டியில் வந்து கையைப் பிடித்தார்கள், யாரென்று தெரியாமல் தட்டிவிட்டேன்." இரண்டையும் ஒரே ஆள் சொன்னால், இரண்டாவது முதலாவதைக் கொன்றுவிடும், அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும். குறுக்கு விசாரணையில் வக்கீல் வைக்கும் ஒரு யோசனை, "அந்த இடத்தில் வைத்து என் கட்சிக்காரரை அடித்தீர்கள் என்றால் சரிதானே?" என்ற ஒரு வரி போதும், வருஷக்கணக்கான வாதம் போய்விடும். எந்தக் கதை என்பதை முதல் வாரத்திலேயே தீர்மானிக்க வேண்டும். முந்தின நாள் தூக்கினார்கள் என்பதுதான் உண்மையென்றால், தூக்கிய அன்றே மேலதிகாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் வீட்டார் அனுப்பிய பதிவுத் தபால் ரசீதுக்கு இருக்கும் மதிப்பு, பிற்பாடு கூண்டில் ஏற்றும் மைத்துனர் சாட்சிக்கு இல்லை.

இரண்டு கட்டின் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அப்பீலில் தொடங்கினால் பெரும்பாலும் தாமதம். ஒரு வழக்கின் தீர்ப்பு இன்னொரு வழக்கில் உண்மைக்குச் சாட்சி ஆகாது. அதே சப்-இன்ஸ்பெக்டர் மற்ற வழக்கில் சொன்னதை, இந்த வழக்கில் அவர் கூண்டில் நிற்கும்போதே காட்டி, "நீங்கள் அங்கே இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டால், கூடுதல் சாட்சியத்துக்கு மனுப் போட வேண்டும்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 391, புதியதில் 432. அந்த மனுவில் சான்றிட்ட நகல், ஏன் கீழே காட்ட முடியவில்லை என்ற காரணம், அது எந்தக் கண்டறிதலை அசைக்கும் என்ற ஒரு பத்தி, மூன்றும் வேண்டும். ஜூலை 2024-க்குப் பிந்திய சோதனைகளுக்கு வீடியோ எடுப்பது சட்டக் கட்டாயம். அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள். மகஜரில் 6.45 என்று யாரும் எழுதிவிடலாம். வீடியோவில் வெளிச்சம் தெரியும்.

காலக்கெடு இரண்டு வழக்குக்கும் ஒன்றில்லை. சிறப்பு நீதிமன்றத் தண்டனைக்கு எதிராக மதுரைக் கிளைக்குப் போக 60 நாள். தடுத்த வழக்கை மாஜிஸ்திரேட் தனியாக விசாரித்துத் தண்டித்திருந்தால், அப்பீல் நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு, 30 நாள். நகல் வாங்க ஆன நாள் இரண்டிலும் கழியும்; ஆகவே தீர்ப்பு அன்றே நகல் மனு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் ஜெயில் சூப்பிரண்டெண்டு மூலமாகவே அப்பீல் அனுப்பலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும். வக்கீல் வரவில்லை என்பதற்காக அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது 1996-ன் பானி சிங் முதல் நிலைத்த சட்டம். தண்டனை நிறுத்தம் கேட்டால், வணிக அளவில் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் காட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் நிறுத்திவைத்த உத்தரவை 2021-ல் லோகேஷ் சட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மணிக்கணக்கை இந்த மனுவிலேயே ஒரு பக்கத்தில் வைத்துவிடுங்கள், இறுதி விசாரணை வரை பொத்தி வைக்க வேண்டாம்.

தண்டனையைக் குறைக்கச் சொல்வதில் எல்லோரும் வருஷத்தையே பார்க்கிறார்கள். அபராதம் கட்டாவிட்டால் கூடுதலாக எத்தனை என்பதையும் பாருங்கள். 2012-ல் ஷஹேஜாத்கான் பத்தான் வழக்கில் மூன்று வருஷத்தை ஆறு மாதமாக்கினார்கள். 1 லட்சம் புரட்ட முடியாத குடும்பத்துக்கு அது நிஜமான இரண்டரை வருஷம். தனித்தனியாக விசாரித்த இரண்டு வழக்கில் தண்டனை என்றால், ஏககாலம் என்று கோர்ட் சொல்லாதவரை இரண்டாவது, முதலாவது முடிந்த பிறகே தொடங்கும். அந்த ஒரு வரியை இரண்டாவது கோர்ட்டில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மதுரைக் கிளை கஞ்சா வழக்கில் விடுதலை கொடுத்து, உத்தரவு பாளையங்கோட்டைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஆள் வெளியே வராமல் இருப்பது இதனால்தான். ஜெயில் ஆபீசில் இரண்டாவது வாரண்டைப் புரட்டுவார்கள். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த காலத்தை இரண்டு வழக்கிலும் கழிக்கலாம் என்று 2001-ன் நஜாகத் அலி தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்த இரண்டாவது வழக்கில் அவனை எந்தத் தேதியில் முறைப்படி கைது காட்டினார்கள்? பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவில்) இருக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள்.